மனைவி புலம்பல் – புதிது

கனடாவில் முப்பத்தோராம் நாள் எப்போதும் சனி அல்லது ஞாயிறிலேதான் வரும். செத்தவர் செவ்வாயில் செத்தாலும் வியாழனில் செத்தாலும் பஞ்சாங்கம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். மண்டபக்காரன் வளைந்து கொடுக்கமாட்டான். இந்தக் கணக்கு பாலேஸ்வரிக்குத் தெரிந்த அளவு ஐயர்மாருக்குக்கூடத் தெரியாது. ஏனென்றால் ஸ்காபரோவில் பொன்னம்பலத்தின் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கல்வெட்டு அடிப்பவள் அவள்தான்.

கல்வெட்டு என்றதும் உளியையும் கல்லையும் நினைக்கவேண்டாம். முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற சின்னப் புத்தகம் அது. அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், வம்ச வரலாறு, அதன் பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல், பேரர் புலம்பல் என்று ஆளுக்கொரு பாட்டு. அழுதவர்களும் அழாதவர்களும் அதில் ஒரே சந்தத்தில் அழுவார்கள். மாமியாரின் முகத்தைப் பத்து வருடம் பார்க்காத மருமகள்கூட ‘தாயினும் இனிய மாமி’ என்று உருகுவாள். இந்த உருக்கம் எல்லாம் பாலேஸ்வரியின் கைங்கரியம். வீட்டுக்காரர் வந்து, வழமையாகப் போடுவதைப் போடுங்கோ அக்கா என்று சொல்லிவிட்டு மண்டபம் பார்க்கப் போய்விடுவார்கள். அவளுடைய கொம்பியூட்டரில் மனைவி புலம்பல் மட்டும் பதினான்கு கிடந்தது. பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும்.

நன்றி சொல்வது பாலேஸ்வரிக்கு ஒரு வியாதி. பஸ் சாரதிக்கு ஏறும்போதும் சொல்வாள், இறங்கும்போதும் சொல்வாள். தெருவில் பனி வழிக்கிற வண்டிக்காரனுக்கு ஜன்னலுக்குள் நின்று கும்பிடுவாள். தட்டச்சே தெரியாமல் வந்து நின்றவளுக்கு வேலை தந்தாரே என்று பொன்னம்பலத்தின் பிறந்தநாளுக்கு வருடம் தவறாமல் அர்ச்சனை. இவ்வளவு நன்றி சொல்ல அவளுக்கு வாழ்க்கை அப்படி என்னத்தைத்தான் அள்ளிக் கொடுத்தது என்று கேட்டால், சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

கணவன் விநாயகமூர்த்தி அவளுக்கு நான்கு வருடம் முந்தியே கனடா வந்தவன். தொண்ணூற்றாறில் அவளும் மகளும் வந்து இறங்கியபோது இரண்டு குளிர் ஜாக்கெட்டோடு விமான நிலையத்தில் நின்றான். நல்ல ஜாக்கெட்டுகள், குறை சொல்ல முடியாது. ஏழு மாதம் ஒன்றாக இருந்தார்கள். எட்டாம் மாதம் அவன் மொன்றியலுக்குப் போனான். அங்கே அவனுக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருந்தது. வீட்டில் ஒருத்தியும் இருந்தாள். அவள் யார், எவர் என்று பாலேஸ்வரி விசாரிக்கவில்லை. விசாரித்தால் உண்மையாகிவிடும். யாராவது கேட்டால், அவருக்கு மொன்றியலில் வேலை என்பாள். இருபத்தெட்டு வருடமாக அதே வேலை. ஓய்வு பெறுகிற வயதும் வந்து போய்விட்டது. ஆனாலும் ஒருவரும் குறுக்கே ஒரு கேள்வி கேட்டதில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். பாலேஸ்வரியின் விஷயத்தில் ஊர் தானாகவே வாயை மூடிக்கொண்டது. அதற்காக ஊருக்கும் அவள் நன்றி உள்ளவள்தான். மகள் தக்ஷிகா படித்து, கலியாணம் கட்டி, இப்போது ரூஜ் பகுதியில் வீடு வாங்கி இருக்கிறாள். அவளும் கேட்டதில்லை.

டாங்கோ என்கிற அர்ஜென்டீனா ஆட்டத்துக்குப் பாலேஸ்வரியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவளுடைய முழங்கால். டாக்டர் ஏதாவது பயிற்சி செய்யச் சொன்னார். சமூக நிலையத்தில் ஞாயிறு பின்னேரம், முதியவர்கள் கதிரையில் இருந்தபடி கையைக் காலை ஆட்டுகிற வகுப்பு ஒன்று இருந்தது. இரண்டு கிழமை போனாள். மூன்றாம் கிழமை அந்த வகுப்பை நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று பக்கத்து அறையில் போய் இருந்தாள். அங்கே ஒரு ஆம்பிளையின் குரல் பாட்டுப்பெட்டிக்குள் இருந்து விம்மிக்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு சோடி, கண்ணை மூடிக்கொண்டு, பால்குடம் தலையில் வைத்தவர்கள் மாதிரி மெல்ல அடி வைத்து நடந்தார்கள்.

அதை நடத்தியவள் மார்த்தா. புவனஸ் அயர்ஸில் பிறந்தவள், பல் ஆஸ்பத்திரி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள், எழுபது தாண்டியும் குதியுயர்ந்த சப்பாத்தைக் கழற்றாதவள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அதன் கதையை ஆங்கிலத்தில் சொல்வாள். அவளுடைய ஆங்கிலமும் பாலேஸ்வரியின் ஆங்கிலமும் ஒரே வேகத்தில் நடந்ததால் எல்லாம் விளங்கியது. ஒருத்தன் வேலை முடிந்து வருகிறான். வீடு வெறுமை, அவளுடைய சீப்பு மட்டும் கிடக்கிறது. இன்னொருத்தன் உயிர்ச் சிநேகிதனை நம்பி வீட்டுக்குள் விடுகிறான். பிறகு பார்த்தால் சிநேகிதனும் இல்லை, வீட்டுக்காரியும் இல்லை. வேறொருத்தன் ஆத்திரத்தில் கத்தியை எடுத்துவிட்டுச் சிறைக்குள் இருந்து ஆயுள் முழுக்க அவள் பெயரைச் சொல்கிறான். எந்தப் பாட்டை எடுத்தாலும் ஒரு மூலையில் யாரோ ஒருத்தனுடைய அம்மா அழுதுகொண்டிருக்கிறாள்.

உங்கள் ஆட்களுக்குச் சந்தோசமான பாட்டே இல்லையா என்று பாலேஸ்வரி ஒரு நாள் கேட்டாள். மார்த்தா விழுந்து விழுந்து சிரித்தாள். சந்தோசமாக இருக்கிறவன் ஏன் பாடப்போகிறான், சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவானே என்றாள்.

பாலேஸ்வரி ஆட எழும்பவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; இவள் முழங்கால் கோணல் என்றாள். முன்பின் தெரியாத ஆம்பிளையின் தோளில் கை வைப்பதை நினைக்கவே வேர்த்தது என்பதுதான் உண்மை. அவள் போனது பாட்டுக்கு. விட்டுப் போனவளைப் பற்றி ஒரு மனிதன் நாலு பேர் நடுவில் வாய்விட்டுப் பாடுகிறான். என்னை ஏமாற்றிவிட்டாள் என்கிறான், இன்னும் ஆசை போகவில்லை என்கிறான். கேட்கிற சனம் முகத்தைத் திருப்பவில்லை, எழும்பி ஆடுகிறது. அவனுடைய மானமும் எங்கேயும் போய்விடவில்லை. இப்படியும் ஒரு ஊர் உலகத்தில் இருக்கிறதா என்று அவளுக்குத் தோன்றியது. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அந்த ஊருக்கும் ஒரு நன்றி சொன்னாள்.

கை சும்மா இருக்குமா? திங்கட்கிழமை மத்தியானங்களில், சாப்பாட்டு நேரத்தில், அச்சகக் கொம்பியூட்டரில், கேட்ட கதைகளைத் தமிழில் பாட்டாக எழுதத் தொடங்கினாள். அவளுக்குத் தெரிந்த சந்தம் கல்வெட்டுச் சந்தம் ஒன்றுதான், அதிலேயே எழுதினாள். ஆனால் அழுகிறவனைப் பெண்ணாக மாற்றிவிட்டாள். எழுத எழுத மார்த்தா சொன்ன கதை எங்கோ நின்றுவிட்டது. கை தன் பாட்டில் ஓடியது. எழுதி முடித்ததற்கு என்ன பெயர் வைத்துச் சேமிப்பது என்று யோசித்தாள். தொழில் புத்தி விடுமா? ‘மனைவி புலம்பல் – புதிது’ என்று வைத்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது அந்தப் பெயரால்தான்.

ஐப்பசியில் அவளுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள். இரண்டு கிழமை கொம்பியூட்டரின் பக்கம் போகக்கூடாது என்று கட்டளை. அந்த நேரம் பார்த்து அருள்நாயகம் என்பவரின் கல்வெட்டு வேலை வந்தது. அம்மன் கோயில் ஒன்றின் பரிபாலன சபையில் இருந்த பெரிய மனிதர், அறுபத்தொன்பது வயது, மனைவி கனகாம்பிகை, ஒரே மகள் நிருஜா. பொன்னம்பலமே இருந்து வேலையை முடித்து, முந்நூறு பிரதி அடித்து அனுப்பிவிட்டார்.

ஓய்வு முடிந்து பாலேஸ்வரி கடைக்கு வந்த முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை, அருள்நாயகத்தின் முப்பத்தோராம் நாளும் அன்றுதான். மேசையில் அந்தக் கல்வெட்டின் பிரதி ஒன்று கிடந்தது. புதுக் கண்ணைப் பரீட்சை பார்க்கலாம் என்று புரட்டினாள். ஒன்பதாம் பக்கத்தில் கண் நின்றது. எழுத்து மிகவும் தெளிவாகத் தெரிந்தது.

சொல்லாமல் போனீரே சோறாறிப் போகுதையா
எல்லோரும் உறங்கையிலே என்கண்ணில் உறக்கமில்லை
கல்லாகிப் போனதொரு கதவோரம் நானிருக்க
நில்லாமல் போனீரே நின்றழவும் நேரமின்றி

இது பரவாயில்லை. எந்தச் சாவுக்கும் பொருந்தும். அடுத்த பாட்டுத்தான் அவளை நாற்காலியில் இருத்தியது.

வேறொருத்தி வாசலுக்கு விளக்காகிப் போனவரே
ஆறுதலாய் ஒருவார்த்தை அதையேனும் சொன்னீரோ
நூறுமுறை வழிபார்த்து நொந்தகண்கள் வறண்டதையா
மாறியவர் நீர்தானே மாறவில்லை நானையா

பொன்னம்பலம் உள்ளே இருந்து வந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, கண் நோகுதோ என்று கேட்டார். ஒன்பதாம் பக்கத்தைக் காட்டினாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோப்பில் புதிது என்று போட்டிருந்ததாம், வாசித்தபோது அவருக்கே கண்ணில் நீர் வந்துவிட்டதாம், ஆகவே போட்டாராம்.

“அண்ணை, உது செத்தவருக்கு எழுதினதில்லை” என்றாள். “உயிரோடை விட்டிட்டுப் போனவருக்கு எழுதினது.”

பொன்னம்பலம் அவளைப் பார்த்தார். அவருக்கு மொன்றியல் வேலை தெரியும். ஊரில் யாருக்குத்தான் தெரியாது? ஒன்றும் கேட்காமல் கார்த் திறப்பை எடுத்தார். அந்த ஒன்றும் கேட்காமைக்காகவே அவருக்கு இன்னும் பத்து அர்ச்சனை செய்யலாம்.

மார்க்கம் நகரில் மண்டபம். பதினொரு மணிக்குக் கிரியை, பன்னிரண்டுக்குக் கல்வெட்டு வாசிப்பு, பிறகு சாப்பாடு. கல்வெட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. சபையில் ஒருவர் ராகம் போட்டுப் படிப்பார், முந்நூறு பேர் கேட்பார்கள். அங்கேதான் பாலேஸ்வரிக்குப் பயம். ஒரு நல்ல மனிதருக்கு இல்லாத பழியைக் கொண்டுபோய் மைக்கில் வைக்கப்போகிறோம். புருசனைப் பறிகொடுத்து முப்பத்தோரு நாளான ஒருத்தியைச் சபை நடுவில் இருத்தி, உன் மனிசன் வேறொருத்தியிடம் போனவன் என்று பாடப்போகிறோம். அதுவும் அவள் வாயால் பாடுவதாக. கடையின் பெயர் கெடும், இருபத்திரண்டு வருட வேலை போகும், அது இரண்டாவது. தன் வீட்டுக் கதவை இருபத்தெட்டு வருடம் பொத்திக் காத்தவள், இன்னொருத்தியின் கதவைத் திறந்து போட்டுவிட்டாள் என்றால் அதை எந்தக் கோயிலில் போய்க் கரைப்பது? வாசிப்புக்கு முன்னர் பெட்டியோடு புத்தகங்களைத் தூக்கிவிடவேண்டும், அச்சுப்பிழை என்று சொல்லிவிடலாம் என்பது திட்டம். சிவப்பு விளக்குகளுக்கு அந்தத் திட்டம் தெரியவில்லை. ஒவ்வொன்றும் நின்று பார்த்துவிட்டுத்தான் விட்டது.

அவர்கள் உள்ளே நுழைந்தபோது எல்லாக் கதிரையிலும் ஒவ்வொரு புத்தகம். மேடையில் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் வம்ச வரலாற்றை முடித்து, தொண்டையைக் கனைத்து, மனைவி புலம்பல் என்று அறிவித்தார். பாலேஸ்வரி ஜாக்கெட் தொங்கவிடுகிற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

வாத்தியாருக்கு நல்ல சாரீரம். முதல் பாட்டுக்கு மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. இரண்டாவது பாட்டுக்கு வந்தார். வேறொருத்தி வாசலுக்கு விளக்காகிப் போனவரே என்று இழுத்தவர், நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பிறகு அதே வரியை இன்னொரு தரம் பாடினார். நல்ல வரி என்றால் இரண்டு தரம் பாடவேண்டும் அல்லவா? பாலேஸ்வரி தன் சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக் கடித்தாள்.

சபையில் ஒருவரும் திடுக்கிடவில்லை. அவளுக்கு முன்னால் இருந்த ஒரு மனுசி பக்கத்தவளின் காதில் சொன்னது தெளிவாகக் கேட்டது. “பாத்தியே, அம்பாளைத்தான் வேறொருத்தி எண்டு சொல்லியிருக்கினம். வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போன மனிசன். அவ தன்னட்டைக் கூப்பிட்டிட்டா.” பக்கத்தவள் தலையாட்டிக் கண்ணைத் துடைத்தாள்.

தமிழை என்ன சொல்வது. வேறொருத்தியிடம் போனவனும் போனவர்தான், சுடலைக்குப் போனவனும் போனவர்தான். போனார் என்ற ஒரே வினைச்சொல்லுக்குள் இரண்டு பேரையும் ஒளித்து வைத்திருக்கிறது. பாலேஸ்வரி அந்த மொழிக்கும், அந்தப் பக்திமான்களுக்கும், அந்த அம்பாளுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டாள். தப்பினோம் என்று மூச்சு விட்டபோதுதான் முன்வரிசையைப் பார்த்தாள்.

கனகாம்பிகை அழவில்லை. எல்லோரும் பத்தாம் பக்கத்துக்குப் போய்விட்டார்கள். மகள் புலம்பல் தொடங்கிவிட்டது. அவள் மட்டும் ஒன்பதாம் பக்கத்திலேயே இருந்தாள். விரலை ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே வைத்து வாசித்தாள். முடிந்ததும் திரும்ப மேலே போய் வாசித்தாள். பிறகு மகளிடம் குனிந்து ஏதோ கேட்டாள். நிருஜா திரும்பிப் பொன்னம்பலத்தைக் காட்டினாள். கனகாம்பிகை அவரைப் பார்த்தாள். பொன்னம்பலம், நல்ல மனிதர், விரலை நீட்டிப் பாலேஸ்வரியைக் காட்டினார்.

சாப்பாடு தொடங்கியதும் நிருஜா வந்து, அம்மா கூப்பிடுகிறா என்றாள். மேடைக்குப் பின்னால் பூசைச் சாமான்கள் வைத்த சிறிய அறை. கனகாம்பிகை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். மகளை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவு சாத்தும் வரைக்கும் பொறுத்திருந்தாள். பாலேஸ்வரி மன்னிப்பைத் தொண்டைவரை கொண்டுவந்து நின்றாள். பிழை எங்களுடையது, முந்நூறையும் திரும்ப அடித்துத் தருகிறோம் என்று தொடங்குவதற்குள் மற்றவள் கேட்டுவிட்டாள்.

“உமக்கு ஆர் சொன்னது?”

பாலேஸ்வரிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

“பத்தொன்பது வருஷம்” என்றாள் கனகாம்பிகை. “வெள்ளிக்கிழமையெல்லாம் கோயில் எண்டு போவார். கோயில் ஸ்காபரோவிலை. கார் போனது ஒஷாவாவுக்கு. நான் பெத்த பிள்ளைக்கே சொல்லேல்லை. உமக்கு ஆர் சொன்னது?”

சமாளிக்கப் பாலேஸ்வரிக்கு எவ்வளவோ வழி இருந்தது. அது அர்ஜென்டீனாப் பாட்டு என்று சொல்லியிருக்கலாம்; பாதி உண்மை. கொம்பியூட்டர் பிழை என்று சொல்லியிருக்கலாம். அது இப்போது எல்லோரும் சொல்வது. இருபத்தெட்டு வருடமாகப் பழகிய வாய்க்கு ஒரு பொய் பெரிய வேலையா? ஆனால் மார்த்தாவின் அறையில் நெஞ்சைத் திறந்து பாடுகிற அந்த மனிதர்கள் எல்லோரும் வரிசையாக வந்து நின்று, இப்போது உன் முறை என்று சொல்வதுபோல் இருந்தது.

“ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா” என்றாள். “அது உங்கடை இல்லை. என்ரை. என்ரை மனிசன் மொன்றியலிலை வேலை செய்யேல்லை.”

சொல்லி முடித்ததும் கூரை இடிந்து விழவில்லை. வெளியே யாரோ பாயசம் கேட்டார்கள். கனகாம்பிகை பக்கத்தில் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டு, இரும் என்றாள். இருந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. செத்த வீட்டிலும் வராத அழுகை, எட்டாம் நாள் சடங்கிலும் வராத அழுகை. பாலேஸ்வரியும் அழுதாள். யாரும் திறந்து பார்த்திருந்தால் அருள்நாயகம் எவ்வளவு பாக்கியசாலி என்று நினைத்திருப்பார்கள்.

அழுகை ஓய்ந்ததும் கனகாம்பிகை முகத்தைத் துடைத்தாள். சபை நடுவில் தன்னுடைய நெஞ்சை ஒருவர் எழுத்துக்கு எழுத்து வாசித்ததாகவும், ஒருவருக்கும் விளங்காமலே எல்லோரும் தன்னோடு சேர்ந்து அழுததாகவும், அது தனக்குப் போதும் என்றும் சொன்னாள். ஒன்றும் திரும்ப அடிக்கவேண்டாம் என்றாள். நன்றி என்ற சொல்லையும் சொன்னாள். எல்லோருக்கும் நன்றி சொல்லித் திரிகிற பாலேஸ்வரிக்கு, யாராவது திருப்பிச் சொன்னால் என்ன செய்வதென்று தெரியாது. சேலைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு கொப்பி கூட வேணும்” என்றாள் கனகாம்பிகை. “தபாலிலை போட.”

ஆருக்கு என்று பாலேஸ்வரி கேட்டாள்.

“ஒஷாவாவுக்கு.”

பாலேஸ்வரியின் முகத்தில் என்ன தெரிந்ததோ, கனகாம்பிகை தலையாட்டினாள். “கோவத்திலை இல்லையடி பிள்ளை. இதிலை எனக்கு ஒரு பக்கம் இருக்கு, பிள்ளைக்கு ஒரு பக்கம் இருக்கு. ஆஸ்பத்திரிக்கு எட்டியும் பாக்காத சகோதரங்களுக்கும் ஒரு பக்கம் இருக்கு. அவவுக்கு எங்கை இருக்கு? அவவும் இந்த ஒரு மாசம் எங்கையோ தனிய இருந்து அழுதிருப்பா.”

மொன்றியலில் இருக்கிறவளைப் பாலேஸ்வரி இத்தனை வருடமாகத் திட்டியிருக்கிறாள், சபித்திருக்கிறாள், ஒரு தரம் கோயிலில் தேங்காய்கூட அடித்திருக்கிறாள். அவள் ஒரு வீட்டில், ஒரு ஜன்னலோரம் இருந்து அழக்கூடிய மனுசி என்று இன்றுவரை தோன்றியதில்லை. கனகாம்பிகைக்கு அது எப்படித் தோன்றியது என்று வியந்தாள். இந்த மனுசியைத் தனக்குக் காட்டித் தந்த பிழைக்கு மனதார நன்றி சொன்னாள்.

பூசைச் சாமான்களுக்கு நடுவில் ஒரு காகித உறை கிடந்தது. கனகாம்பிகை எடுத்த பேனையை, எழுத்து என் தொழில்தானே என்று பாலேஸ்வரி வாங்கிக்கொண்டாள். விலாசம் எடுக்க மகளிடம் கேட்கவேண்டுமா என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கனகாம்பிகை கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். பெயர், வீட்டு இலக்கம், தெரு, தபால் குறியீடு, எல்லாம் அவளுக்குப் பத்தொன்பது வருடமாக மனப்பாடம்.